மூன்று தண்ணீரில் கழுவிய காட்டுப்பன்றி

மகள் தொலைபேசியில் சொன்னது மிகச் சுலபமான வேலை.

"அப்பா, கடையில வாங்கின பேஸ்ட்ரி மாவை விரியுங்கோ. சொசேஜை அதில வைச்சுச் சுத்துங்கோ. மேல முட்டை பூசி பேக் பண்ணுங்கோ. வேற ஒண்டும் செய்யாதேங்கோ."

வேற ஒண்டும் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு வராத வேலை. ஜெர்மனியில், ஹனோவரில் ஒரு பெரிய கன்ரீனில் இருபத்தைந்து வருடமாக நான் சலாட் வெட்டுகிறேன். சொந்தக்காரர் ஆராவது கேட்டால் 'செஃப்' என்று சொல்வேன். கன்ரீனில் அப்படிச் சொல்வதில்லை. அங்கே உண்மையான செஃப் நிற்பார்.

அந்த சொசேஜ் கடைச் சரக்கு அல்ல. மகள் கட்டப்போகிற டொச்சுப் பெடியனின், அந்த ஜெர்மன்காரனின், தகப்பன் வேட்டைக்காரர். தானே சுட்ட காட்டுப்பன்றியைத் தானே அரைத்து, காட்டுப் பழங்களும் மூலிகையும் சேர்த்துத் தோலில் அடைத்து, பொதியின் மேல் எந்தக் காட்டில் சுட்ட பன்றி என்றும் எழுதி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

"பெடியன்ர அம்மா செத்தாப்பிறகு அவர் ஒருத்தர் வீட்டையும் போறதில்லையப்பா," என்றாள் மகள். "ஒருத்தரையும் கூப்பிடுறதும் இல்லை. எங்கட வீட்டைதான் வாறன் எண்டிருக்கிறார். இது பிழைச்சா இனி வரமாட்டார். எனக்கு அவர் வரவேணும்."

"நீ யோசிக்காத. செஃப் இருக்கிறன்," என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் பொதியைப் பிரித்தேன். மழையில் நனைந்த கோட்டைக் காயவிடாமல் அலுமாரிக்குள் வைத்தால் ஒரு மணம் வருமே, அது வந்தது. என் மனிசி அடுத்த அறையிலிருந்தே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, என்ன மணக்குது?"

"காட்டுப்பண்டி."

"கழுவினியளோ?"

எல்லாம் பிழைத்த இடம் இதுதான். நான் பிறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் கழுவாத இறைச்சி சட்டியைக் கண்டதில்லை. கழுவாமல் சமைத்தவர்கள் என்று ஒரு குடும்பத்தைப் பற்றி ஊரில் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். என் கை என்னைக் கேட்கவில்லை. சொசேஜின் தோலைக் கீறி இறைச்சியைப் பிதுக்கி, அரிசி வடிக்கிற ஓட்டை வடியில் போட்டேன். மஞ்சள் போட்டேன், தேசிக்காய் பிழிந்தேன், குழாயைத் திறந்தேன்.

முதல் தண்ணீர் கலங்கலாகப் போனது. இரண்டாவதில் கொழுப்புப் போனது. மூன்றாவது தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. வடிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு கிலோ பன்றியில் அரைவாசிதான் மிச்சம். ஒரு துளியைப் பொரித்து வாயில் போட்டேன். நனைந்த கடதாசி. உப்பு, காட்டுப் பழம், மூலிகை, அந்த மனிதர் எத்தனையோ நாள் பாடுபட்டுச் சேர்த்த அத்தனையும் ஹனோவர் நகரத்தின் கழிவு நீர்க் குழாயில் போய்க்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை வந்த மகள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா. சொசேஜை ஆராவது கழுவுவினமோ?"

"அம்மாதான் கேட்டவ..."

"நான் கேட்டனான்தான். கழுவச் சொன்னனானோ?" என்றாள் மனிசி. இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னை இவ்வளவு வேகமாகக் கைவிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கடை ஒன்றும் திறவாது. திறந்தாலும் அந்தப் பன்றி கிடைக்காது. மகள் கதிரையில் இருந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது பகிடி விட்டுச் சமாளித்திருப்பேன்.

மனிசிதான் சட்டியை அடுப்பில் வைத்தாள். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், மிளகு, வறுத்த தூள். அளவு காணாததற்கு அவித்த கிழங்கு. குளித்து முழுகிய பன்றியை அதற்குள் போட்டுப் பிரட்டினாள். நான் மாவை வெட்டினேன், மகள் சுற்றினாள், பிறகு நான் முட்டை பூசினேன். இருபது துண்டுகள் தங்க நிறத்தில் பொங்கி வந்தன. வீடு முழுக்க எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடை ரோல்ஸ் மணம். காட்டு மணம் மருந்துக்கும் இல்லை.

"கேட்டா நான் சொல்லிக்கொள்ளுறன்," என்றாள் மகள். "நீங்கள் வாய் திறக்காதேங்கோ."

நாலு மணிக்குச் சரியாக வாசல் மணி அடித்தது. உயரமான மனிதர், நன்றாக இஸ்திரி போட்ட சேர்ட். பெடியன் பின்னால் வந்தான். அவர் ஒரு துண்டை எடுத்தார், கடித்தார், மென்றார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதைப் பிய்த்து உள்ளே பார்த்தார். மேசைக்குக் கீழே மகள் என் காலை மிதித்தாள். அவர் கேட்டது டொச்சில். என் தமிழில் தருகிறேன், இல்லாவிட்டால் என் டொச்சும் வெளியே தெரிந்துவிடும்.

"நல்லாயிருக்கு. என்ன இறைச்சி?"

மகள் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த மனிதர் தன் பன்றியைத் தேடிக்கொண்டிருப்பது அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்கட பண்டிதான். நான் கழுவிப்போட்டன்."

"எதை?"

"சொசேஜை. தோலை உரிச்சு. மஞ்சள் போட்டு."

அவர் துண்டைத் தட்டில் வைத்தார். "எத்தனை தரம்?"

"மூண்டு தரம்."

பிறகு அவருடைய தோள் ஆடத் தொடங்கியது. நெஞ்சு வருத்தம், மாரடைப்பாக்கும் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க எழும்பினேன். சிரிப்பு. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பெடியன் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தகப்பனையே பார்த்தான்.

"எங்க வைச்சுக் கழுவினீங்கள்? காட்டுங்கோ," என்று எழுந்து குசினிக்குள் போனார். வடியைத் தூக்கி, ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்து நாலாவது துண்டையும் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"வாற சனிக்கிழமை என்ர வீட்டை வாங்கோ, எல்லாரும். அரைக்க முந்தி இறைச்சியாத் தாறன். அப்ப என்னவாவது செய்யுங்கோ. அரைச்சாப்பிறகு நீங்கள் கிட்ட வரப்படாது."

என் காலை மிதித்திருந்த கால் விலகியது. மகள் பெடியனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாற சனிக்கிழமை உங்கட முறை வேலையெல்லோ?" என்றாள் மனிசி என் காதுக்குள்.

"வருத்தம், உடம்பு சரியில்லை எண்டு சொல்லுறன்."

"என்ன வருத்தம்?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு வருத்தமும் அகப்படவில்லை. லீவுக்கு முறைப்படி எழுதிக் கொடுத்தேன்.