வேர் தெரிந்த ஏழு செடிகள்

காலையில் பீன்ஸ் பாத்திக்குப் போன தையல்காரி அப்படியே நின்றுவிட்டாள். ஏழு செடிகள் வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன. இது பந்தலேறும் பீன்ஸ் இல்லை, முழங்கால் உயரச் செடி. வேர் மேலாகவே ஓடும். காய் பென்சிலைவிட ஒல்லியாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும், இரண்டு நாள் விட்டால் வெறும் நார்தான். பறிக்க இரண்டு கை வேண்டும்: ஒன்று தண்டைப் பிடிக்க, ஒன்று காம்பைக் கிள்ள. ஒற்றைக் கையால் இழுத்தால் செடியே கூட வந்துவிடும்.

நேற்று பறித்தவர் அவள் புருஷன். பத்து வருடமாக ஒரு இலை கசங்காமல் பறித்த மனுஷன்!

மனுஷன் பஸ் டிரைவர். மூன்று மாதம் முன்பு ஏணியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்தாயிற்று, டாக்டரிடம் "சரியாயிடுச்சு" என்று சொல்லியாயிற்று. இன்று பத்து மணிக்கு, விழுந்த பிறகு முதல் டூட்டி. மலைப்பாதை வண்டி, அறுபது பேர். கியர் போடுவது அந்த இடது கைதான்.

உள்ளே அவர் வலது கையாலேயே சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் பொத்தான் தைக்கிறவளுக்கு இது இத்தனை நாள் கண்ணில் படவில்லையே!

"இங்க வாங்க."

"நேரமாச்சும்மா."

"ஒரே ஒரு காய். ரெண்டு கையாலயும் பறிச்சுக் காட்டிட்டுப் போங்க."

"இதென்ன பரீட்சையா?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பாத்திக்கு வந்து குனிந்து இடது கையால் தண்டைப் பிடித்தார். வலது கை காயை இழுத்ததும் தண்டு நழுவியது. மறுபடி பிடித்தார். மறுபடி நழுவியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார், கல்லுளிமங்கர்!

"சொன்னா வீட்ல உக்கார வச்சிடுவாங்க. இருபத்திரண்டு வருஷம் ஓட்டினவன். வண்டி இல்லன்னா நான் யாரு?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபம் அதை முந்திக்கொண்டது. "அந்த அறுபது பேருக்கும் வீட்ல ஆள் காத்திருக்கும். டிப்போவுக்கு நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?"

அவர் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவளும் நகரவில்லை. மணி ஒன்பதானது. கடைசியில் போனை எடுத்தார்.

"சார், இன்னிக்கு நான் வண்டி எடுக்க முடியாது."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"காய்ச்சலெல்லாம் இல்ல சார். கையில பிடி இல்ல. டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."