யாருக்குக் கட்டினேன், யாருக்கு அவிழ்த்தேன்

போடி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அன்று சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் ஆள் படுக்கும் அளவு இடம். கோட்டுக்கு ஒருவராக உட்காருங்கள் என்று கம்பவுண்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். கொட்டகுடி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் கோட்டின் மேலேயே, தெரிந்தவர் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து, யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

என் ஏழு மாதப் பையனுக்கு அம்மை குத்திய இடத்தில் சீழ் வைத்திருந்தது. அதற்காகத்தான் போயிருந்தேன். சீமையில் நடந்த பெரிய சண்டை முடியப் போகிறது என்று பேசிக்கொண்ட ஐப்பசி மாதம் அது. மதுரையில் இன்புளுயென்சா (தொற்றிப் பரவும் விஷக்காய்ச்சல்) வந்துவிட்டது, பெரியகுளத்திலும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தோம்.

டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மூக்கையும் வாயையும் மூடி வெள்ளைத் துணி கட்டியிருந்தார். பையனைத் தொடாமல் தள்ளி நின்றே புண்ணைப் பார்த்து மருந்து சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, மல் துணியை நாலாக மடித்து மூக்கும் வாயும் மூடும்படி கட்டிக்கொள்ளச் சொன்னார். பால் கொடுக்கும்போதும் கட்ட வேண்டும். தினமும் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். கூட்டத்துக்குப் போகக் கூடாது, துக்க வீட்டுக்கு அறவே போகக் கூடாது.

"நீங்க படிச்சவங்க. உங்க தெருவுல நாலு பேருக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

பெரியகுளத்தில் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் நான். அந்த வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. என்னைப் போல் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார் யாராவது படிக்கக் கூடும் என்பதால் அதையும் மறைக்கவில்லை.

கணவரின் பழைய மல் வேட்டியைக் கிழித்து நான்கு துணி தைத்தேன். முதல் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனதும் அத்தை, என் மாமியார், கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"பொணத்துக்குத்தான் வாயைக் கட்டுவாக. உசுரோட இருக்கிறவ கட்டிக்கிட்டு அடுப்பு முன்னால நிக்கிறியே."

பூசாரியும்தானே வாய் கட்டிக்கொண்டு சாமிக்குப் பூசை செய்கிறார் என்றேன். அது எச்சில் படாமல் இருக்க, நீ என்ன சாமியா என்று கேட்டார். மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் எல்லோரும் மூக்கைக் கட்டிக்கொண்டுதானே வேலை பார்க்கிறார்கள் என்றேன். அது நெடிக்கு, இங்கே என்ன நெடி என்றார். எதற்கும் அவரிடம் பதில் இருந்தது. என்னிடம் இருந்தது டாக்டர் சொன்னார் என்பது மட்டும்தான்.

தெருவில் பொதுக்கிணறோ சாவடியோ, நான் வந்தாலே சிரிப்புத்தான். "சாமி வருது, வழி விடுங்கடி" என்று ஒருத்தி சொன்னாள். "வாய் நாத்தம்போல, பாவம் புருசன்" என்றாள் இன்னொருத்தி. நாலு பேருக்கு எடுத்துச் சொல்லும் வேலை இரண்டாம் நாளே நின்றுபோனது. மூன்றாம் நாளிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டும்போது துணியை முந்தானைக்குள் செருகிக்கொண்டேன்.

என் கணவர் அப்போது போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய் எடுப்பு மும்முரமான சமயம். அவர் கடிதத்தை வாரம் ஒருமுறை மலையிலிருந்து இறங்கும் பேச்சி கொண்டுவந்து கொடுப்பாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரி. காய் எடுக்க மலைக்குப் போகிறவள். என் வயதுதான் இருக்கும்.

அந்த வாரம் அவள் வருவது தெரிந்ததும் நான் பையனை உள்ளே படுக்க வைத்துவிட்டு, துணியை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அன்று மட்டும் அத்தை கட்டிக்கொள் என்பதுபோலத் தலையை அசைத்தார். கடிதத்தை வாசற்படிக்குக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போகச் சொன்னேன்.

பேச்சி வைத்துவிட்டு நகர்ந்தாள். "எட்ட நிக்கிறது எங்களுக்குப் புதுசா தாயி? துணிதான் புதுசு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தோட்டத்தில் நிறையப் பேருக்குக் காய்ச்சல் என்றாள். தனக்கும் வந்து தேறிவிட்டதாகவும், தன் கைப்பிள்ளைக்கு வந்து தேறவில்லை என்றும், அதை மேலேயே புதைத்துவிட்டு இறங்கியதாகவும் சொன்னாள். அவள் மாராப்பு இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. மலையிறங்கிய வேர்வை என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் ஓர் அடி பின்னால் போனேன். நானும் பால் கொடுக்கும் தாய்தான். எனக்குத் தெரியாதா?

ஐந்தாறு நாள் கழித்து மதினியின் கணவர் இறந்தார். மதினி என் கணவரின் அக்காள். இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவர். மூன்று நாள் காய்ச்சல்தான். அவர் மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்ததாகச் சொன்னார்கள்.

டாக்டர் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது. ஆனால் தம்பி மனைவியான நான் துக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? பையனை அத்தை பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார். போவது, துணியோடு போவது, தூரத்தில் நின்று அழுதுவிட்டு வருவது என்று முடிவு செய்துகொண்டேன். இரண்டு கட்டளைக்கும் கட்டுப்பட்டவளாக இருந்துவிடலாம் என்று கணக்கு.

எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்பது என்றால் வெறும் வாய்வார்த்தை இல்லை. வருகிற பெண் ஒவ்வொருத்தியும் இழந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, அவள் மூச்சு நம் மேலும் நம் மூச்சு அவள் மேலும் படும்படி அழவேண்டும். கட்டி அழாதவள் பகையாளி.

நான் நடைவாசலில் நின்றேன். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மதினி நிமிர்ந்து என் முகத்தை, துணியை, பார்த்தார். அழுகை நின்றுவிட்டது.

"பேச்சிக்குக் கட்டுன துணிய எனக்கும் கட்டிட்டு வந்துட்டியா?"

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது. என் கை தானாகப் பின்கழுத்துக்குப் போய் முடிச்சை அவிழ்த்தது. போய்க் கட்டிக்கொண்டேன். மதினியின் கன்னம் கொதித்தது. அழுகைக்கு நடுவே என் காதருகில் இரண்டு முறை இருமினார். நான் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் யாராவது பார்ப்பார்களே என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, பையனை எடுக்கக் குனிந்தபோது இடுப்பில் கட்டையால் அடித்ததுபோல் ஒரு வலி. மத்தியானத்துக்குள் கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு நாளில் நகக்கண்கள் நீலமாகிவிட்டன. டாக்டர் வந்து மார்பில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, நிமோனியா (நுரையீரலில் சளி கட்டி மூச்சு முட்டும் நோய்) என்றார். பின்கட்டு அறையில் தனியாகப் போட்டார்கள். பால் வற்றிவிட்டது.

ஆட்டுப்பால் இந்த வயதுக்குச் சேராது, காய்ச்சல் வந்து தேறிய தாய் யாராவது இருந்தால் பால் கொடுக்கச் சொல்லுங்கள், வந்து போனவர்களுக்கு மறுபடி வருவதை நான் பார்க்கவில்லை என்று டாக்டர் அத்தையிடம் சொன்னார். எங்கள் தெருவில் பால் கொடுக்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அத்தை போய்க் கேட்டார். இருவரும் கதவைத் திறக்காமலே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தள்ளி நிற்கும் வித்தையை அதற்குள் எல்லோரும் கற்றிருந்தார்கள். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சங்கால் புகட்டினார்கள். மலைக்குப் பொதி சுமக்கும் கழுதை ஒன்றிடம் பால் பீய்ச்சிக் கொண்டுவந்தும் கொடுத்தார்கள். பையனுக்கு வயிறு போக ஆரம்பித்தது.

அந்த வாரக் கடிதத்தோடு பேச்சி வந்தாள். என் அறை ஜன்னல் தொழுவத்துப் பக்கம் திறக்கும், பேசியதெல்லாம் கேட்டது.

"அப்பு அழுகிறது எனக்குத் தாங்கல ஆத்தா, மாரு கட்டிப் போய்க் கெடக்கு. கொண்டாங்க, ஒரு வாய் குடுத்துட்டுப் போறேன். வீட்டுக்குள்ள வரல, இந்தத் தொழுவத்துலயே உக்காந்து குடுக்குறேன்."

"எட்ட நில்லுடி. யாரு பிள்ளைக்கு யாரு பால் குடுக்கிறது" என்றார் அத்தை.

பேச்சி போகவில்லை. பையன் அழுதுகொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அத்தை ஜன்னலுக்கு வந்தார். அவரும் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. துணி எதுவும் கட்டாமல் எனக்குக் கஞ்சி புகட்டி, மலம் மூத்திரம் எடுத்தவர் அவர்தான். அவரைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை.

"நீ என்னத்தா சொல்ற? பெத்தவ நீ. குடுக்கட்டும்னா குடுக்கட்டும். நாளைக்கு ஊரு கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

காய்ச்சல் வேகத்தில் எனக்குப் புத்தி இல்லை என்றுதான் பின்னால் எல்லோரிடமும் சொன்னேன். கணவரிடமும் அப்படியே சொன்னேன். உண்மை அப்படி இல்லை. அந்த நேரம் வேர்த்துச் சூடு இறங்கியிருந்தது. தொழுவத்தில் மாடு வாலால் ஈ ஓட்டுவது வரை தெளிவாகக் கேட்டது. மதினி என்ன சொல்வார் என்று நினைத்தேன். கணவர் மலையிலிருந்து இறங்கி வந்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். இன்று ஒரு பொழுது ஆட்டுப்பாலோடு போகட்டும், நாளைக்கு எனக்கே பால் வந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார்.

"சோலி கெடக்கு, வர்றேன் தாயி" என்று பேச்சி ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு நாலாம் நாள் பையன் இறந்தான். கடைசியில் அவனுக்கும் காய்ச்சல் இருந்ததாம். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பேச்சியின் பால் காப்பாற்றியிருக்குமா என்று பின்னொரு நாள் டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர். எது சொன்னாலும் என்னால் தாங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காய்ச்சல் நன்றாக இறங்கிய மூன்றாம் நாள் பால் திரும்பி வந்தது. அத்தை மல்லிகைப்பூவை அரைத்துக் கொண்டுவந்து மார்பில் வைத்துக் கட்டினார், வற்றுவதற்கு. எழுந்து நடக்க ஒரு மாதம் ஆயிற்று. தலைமுடி கையோடு வந்தது.

மதினி தேறி எழுந்து துக்கம் கேட்க வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வாயைக் கட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று எல்லோரும் சொன்னோமே, கேட்டாயா என்று சொல்லிச் சொல்லி அழுதார். கூட இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். நான் துணி கட்டிய நாட்கள் எத்தனை என்று ஊரே எண்ணி வைத்திருந்தது. அவிழ்த்த அரை நாழிகையை ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னும் பல வீடுகளில் சாவு விழுந்த பிறகு ஊரில் துணி பரவிவிட்டது. தையற்காரரே தைத்து விற்றார். முந்தல் என்னும் அடிவாரத்தில், மலைப்பாதை இறங்கும் இடத்தில் இளவட்டங்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு, கம்போடு நின்று, காய் எடுக்கப் போனவர்களை ஊருக்குள் விடாமல் விரட்டினார்கள். மலையிலிருந்து யாரும் இறங்கவில்லையென்றால் துணியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒரே சுருட்டை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். அவர்களைப் பார்த்துக் கோபப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நோய்க்கு அஞ்சித்தான் துணி கட்டுகிறோம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அதை நாங்கள் கட்டியதோ ஆளைப் பார்த்து.

இதைப் படிக்கும் தாய்மாரிடம் சொல்ல என்னிடம் மருந்து ஏதும் இல்லை. துணி கட்டுவதானால் உங்களுக்கு மிக வேண்டியவர்களின் முன்னால் கட்டுங்கள். அவர்கள் என்ன சொன்னாலும் கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இதை எழுதிவிட்டு, மறுபடி மதினி அப்படிக் கேட்டால் கட்டியபடியே நிற்பேனா என்று யோசிக்கிறேன். நிற்பேன் என்று எழுதக் கை வரவில்லை.

இப்போது எனக்கு இரண்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். பால்குடி மறந்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் ஏழெட்டு நாழிகைக்கு ஒருமுறை என் மார்பு இறுகி வலிக்கிறது. அது இவளுக்கான வேளை அல்ல, அவனுடைய வேளை. காலை, மதியம், சாயங்காலம் என்று மற்றவர்களுக்குப் பொழுது போகிறது. எனக்கு அந்த வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் போகிறது. யார் என்ன கேட்டாலும், உலையில் அரிசி போடட்டுமா என்று கேட்டாலும், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிடுகிறேன். என்ன இவ்வளவு அவசரம் என்று அத்தை கேட்கிறார். அதற்கு மட்டும் பதில் சொல்வதில்லை.