தேனியில் ஒரு வியட்நாம் மொழித் தேர்வு

வியட்நாம் மொழியை எப்படிக் கற்பிப்பது, கற்றதை எப்படி அளப்பது என்று ஆராய்ச்சி செய்கிறவனுக்குத் தேனியில் பெண் கிடைக்காது. மாணவர் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். கைடு அறை வாசலில் கால் கடுக்க நின்ற புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது புரியும். என் கைடு போட்ட நிபந்தனை இதுதான்: எட்டுப் பேருக்கு ஒரு வருஷம் பாடம் நடத்தவேண்டும், அதில் ஒருத்தராவது பேச்சுத் தேர்வில் மேல்நிலை வாங்கவேண்டும். இல்லையென்றால் என் பாடமுறை செல்லாது, எல்லாம் முதலிலிருந்து.

ஆள் பிடித்தல்

மிளகுக் கடைகளுக்கு நோட்டீஸோடு போனேன். வியட்நாமிலிருந்து சரக்கு இறக்குகிறவர்கள், ஆசையாக வருவார்கள் என்று நம்பினேன். ஒரு கடைக்காரர் நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதன் பின்பக்கத்தில் ஒரு கை மிளகைக் கொட்டி நிறம் பார்த்தார். "தாளு நல்லா வெள்ளையா இருக்கு சார். இன்னும் நாலு இருந்தா குடுத்துட்டுப் போங்க."

கூச்சம் அளத்தல்

எப்படியோ எட்டுப் பேர் சேர்ந்தார்கள். வியட்நாமில் அறிமுகமானதுமே வயது என்ன, கல்யாணம் ஆச்சா, பிள்ளை எத்தனை என்று கேட்பார்கள். இதற்கு நம் மாணவர்கள் எவ்வளவு கூச்சப்படுகிறார்கள் என்று அளக்க, மூன்று மாதம் மண்டையை உடைத்து ஒரு பக்கக் கேள்வித்தாள் தயாரித்தேன். எட்டும் வெற்றுத்தாளாகவே திரும்பி வந்தன. அவர்களில் ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்க்கும் ஆரோக்கியமேரிதான் காரணம் சொன்னார். "பஸ்ல பக்கத்து சீட்டுக்காரவுக லோயர் கேம்ப் போறதுக்குள்ள இம்புட்டையும் கேட்டுர்றாக. இதுல கூச்சப்பட என்ன சார் இருக்கு?"

பேச்சுத் தேர்வு

மேல்நிலைக்கு நான் மலைபோல நம்பியிருந்தது மிளகு வியாபாரி குமரேசனை. வகுப்பில் அவர் பேசினால் வியட்நாம் டிவி ஓடுகிற மாதிரி இருக்கும். தேர்வன்று அந்த ஊர்த் தேர்வாளர் அம்மா லேப்டாப் திரையில் வந்தார். ஏழு பேரும் தட்டுத்தடுமாறி ஆரம்பநிலையோடு நின்றுவிட்டார்கள். கடைசியாகக் குமரேசன். அந்தம்மா வணக்கம் சொன்னார், இவர் சிரித்தார். பெயர் கேட்டார், அதற்கும் சிரிப்பு. பத்து நிமிஷமும் சிரிப்புத்தான். அந்தம்மா பூஜ்யம் போட்டு, பக்கத்திலிருந்தவரிடம் எனக்கே பிடிபடாத வேகத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார்.

திரை அணைந்ததும் குமரேசன் மெதுவாகச் சொன்னார்: "பாவம், பாடம் நடத்துன இந்தப் பையனுக்கு ஒரு வருஷம் வீணாப்போச்சேங்கிறாக."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் ஏன்யா வாயைத் திறக்கலை?" என்று கத்திவிட்டேன். அவர் பதறவே இல்லை.

"அவுக பாஷை தெரியும்னு அவுக ஊர்க்காரவுக முன்னாடியே காட்டலாமா சார்? இந்தம்மா எந்த மிளகுக்காரருக்குச் சொந்தமோ, யாரு கண்டா! பெறகு என்ன வெலைக்கு விடலாம்னு அவுக நம்ம முன்னாடி பேசிக்கிடுவாகளா?"

ஆக, என் பாடமுறை பலித்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி, வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்.