நாங்க மூணு பேரும்

பாடப்புத்தக அச்சகம் ஒன்றில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. பதினாறு வருடமாகக் கையில் சிவப்புப் பேனா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் தப்பைத் தேடுவதுதான் பிழைப்பு. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், கீழே இருப்பதில் ஒரு சொல்லைக்கூட நான் திருத்தவில்லை. நடந்தது நடந்தபடி இருக்கிறது. நேரம் உட்பட.

என் மனைவிக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அந்த வருடம் அவள்தான் முதலிடம். பரிசாக ஒரு தீவு ரிசார்ட்டில் இரண்டு இரவு தங்கக் கொடுத்தார்கள். ‘தம்பதிகளுக்கும் குடும்பங்களுக்கும் ஏற்ற சொர்க்கம்’ என்று கடிதத்தில் போட்டிருந்தது. அந்த ஒரு பக்கத்திலேயே இரண்டு ஒற்றுப்பிழை. சுட்டிக் காட்டினேன்.

“அங்க வந்தாவது அந்தப் பேனாவ மூடி வைங்க” என்றாள்.

எங்களுக்கு ஒரே மகள். ஆறு வயது. ஒல்லிக்குச்சி. கேள்வி கேட்டே குத்துவாள். அதனால் வீட்டில் அவள் பெயர் குண்டூசி. அவளிடம் ஒரே ஒரு குறை. ‘நாம’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் ‘நாங்க’ என்பாள். “அப்பா, நாங்க எல்லாரும் கடைக்குப் போலாமா?” என்று என்னிடமே கேட்பாள். ‘நாங்க’ என்றால் கேட்கிறவன் சேர்த்தி இல்லை, ‘நாம’ என்றால் அவனும் சேர்த்தி. எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மனைவிக்கு அது செல்லம். எனக்கு மானப் பிரச்சினை. ஊரார் பிள்ளைகளின் புத்தகத்தைத் திருத்துகிறவன் வீட்டில் இப்படி ஒரு பிழையா? அவள் தப்பாகச் சொன்னால் அறைக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவேன். சரியாகச் சொன்னால்தான் திறப்பேன். விளையாட்டு என்று சொல்லிக்கொள்வேன். அவள் அழுவாள்.

தீவில் இறங்கியபோது மாலை 3.10. மரப் பாலத்தில் நடந்து போனோம். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மர வீடுகள். எங்களுடையது பதினாலாம் எண், வரிசையில் கடைசி. அறை நடுவே தரையில் ஒரு சதுரக் கண்ணாடி. அதன்மேல் நின்றால் காலடியில் கடல் தெரியும். கடல் பக்கம் நகர்த்துகிற கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே ஒரு மரத்தளம். தளத்தின் ஓரத்தில் தண்ணீருக்குள் இறங்கும் ஏணி.

கட்டிலில் வெள்ளைத் துண்டுகளை வாத்து மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு வாத்து. பெரியது இரண்டு. சின்னது... இரண்டு.

“எங்களுக்கு ஒரு பொண்ணுதாங்க” என்றேன்.

அறையைக் கவனிக்கும் ஊழியருக்கு நல்லவேளையாகத் தமிழ் தெரிந்திருந்தது. அவர் முகம் சுண்டிப் போனது.

“மன்னிச்சிருங்க சார். கை தானா மடிச்சிருச்சு.”

ஒரு வாத்தைத் தூக்கினார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. மற்ற மூன்றும் காய்ந்துதான் இருந்தன.

மறுநாள் படகில் சுற்றிவிட்டு வந்ததில் மனைவிக்கு வாந்தி. மாத்திரை போட்டுக்கொண்டு 4.45-க்குப் படுத்தவள்தான். அடித்துப் போட்ட மாதிரி தூக்கம்.

6.20. குண்டூசி தரைக் கண்ணாடியில் குப்புறப் படுத்திருந்தாள். வாயைக் கண்ணாடியில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“நாம. சொல்லு... நா... ம.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “யாருக்குடி பாடம்?”

“கீழ இருக்கறவளுக்கு. அவ டக்குனு கத்துக்கிட்டாப்பா. எனக்குத்தான் வரல.”

குனிந்து பார்த்தேன். வெறும் தண்ணீர். கண்ணாடியில் அவள் மூச்சு படிந்து மங்கியிருந்தது. துடைத்தேன். போகவில்லை. மங்கல் அந்தப் பக்கமும் இருந்தது.

ஏதோ ஈரப்பதம் என்று விட்டுவிட்டேன்.

8.50. சாப்பிட்டு முடித்தோம். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்பா, நாங்க எப்ப வீட்டுக்குப் போவோம்?”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று இல்லவே இல்லை. மாலை முழுக்கப் பாடம் நடத்தியவள், மறுபடியும் அதே தப்பு! அவளைத் தூக்கி மரத்தளத்தில் நிறுத்தினேன்.

“‘நாம மூணு பேரும் வீட்டுக்குப் போவோம்.’ சரியா சொல்லு. திறக்கறேன்.”

கதவை இழுத்துத் தாழ் போட்டேன். அவள் அழுமூஞ்சியைப் பார்த்தால் மனம் இளகிவிடும். அதனால் திரையையும் இழுத்தேன்.

8.56. தட்... தட்... தட்.

“அப்பா... நாங்க மூணு பேரும் வீட்டுக்குப் போவோம்.”

“தப்பு.”

“இருட்டா இருக்குப்பா. திறப்பா. நாங்க மூணு பேரும்...”

“தப்பு.”

அழுகை கேட்டது. பிறகு விசும்பல்.

“அப்பா, அவ ஏணில ஏறி வரா.”

“கதை விடாத. சொல்லு.”

“நாங்க...”

“தப்பு!”

9.03. ‘ளொப்’ என்று ஒரு சத்தம். நிறைந்த வாளியில் சொம்பு விழுந்த மாதிரி. அவ்வளவுதான்.

அழுகை நின்றது.

தட். தட். தட்.

“நாம மூணு பேரும் வீட்டுக்குப் போவோம்.”

தெளிவு. அச்சில் வார்த்த மாதிரி ஒவ்வொரு எழுத்தும்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே திறந்தேன். குண்டூசி நின்றாள். உச்சி முதல் பாதம் வரை ஈரம்.

“ஏன்டி நனைஞ்ச?”

“அலை.”

கடலில் அலையே இல்லை. அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். நேராகப் போய்ச் சோபாவில் படுத்தாள்.

நான் தாழ் போட்டேன்.

தட்... தட்... தட்.

காலுக்கடியில்.

“அப்பா... நாங்க...”

குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே இருட்டு. இருட்டில் இரண்டு சின்ன உள்ளங்கைகள். கண்ணாடியோடு ஒட்டி... விரல்கள் விரிந்து.

சோபாவிலிருந்து குரல் வந்தது.

“திறக்காதீங்கப்பா. அவளுக்கு இன்னும் சரியா வரல.”

குண்டூசி என்னை ஒருநாளும் ‘நீங்க’ என்று சொன்னதில்லை.

அது எனக்கு அப்போதே உறைத்தது. பொய் சொல்ல மாட்டேன். உறைத்தது.

ஆனால் என் மகள் உள்ளே இருக்கிறாள். கீழே இருப்பது எதுவாக இருந்தால் எனக்கென்ன?

கட்டிலடி விரிப்பை இழுத்தேன். கண்ணாடிமேல் போட்டேன். அதன்மேல் ஏறி நின்றேன்.

தட்.

உள்ளங்காலில் தெரிந்தது.

தட்.

9.40.

தட்...

10.15.

...

10.22. நின்றுவிட்டது.

காலையில் கிளம்பினோம். மனைவிக்கு எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்தபின் அவள்தான் பூரித்துப் போனாள். “தீவுக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து இவ எவ்ளோ சமத்தாயிட்டா, பாத்தீங்களா?” உண்மைதான். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறாள். கேள்வியே கேட்பதில்லை. பேச்சில் ஒரு பிழை இல்லை. தலை மட்டும்... எத்தனை துவட்டினாலும் காய்வதில்லை.

பதினோராம் நாள். மாலை 6.40. போன் அடித்தது. அந்த அறை ஊழியர்.

“சார், உங்க பொண்ணு உங்ககூடதான இருக்கு?”

“ஆமா. ஏன்?”



“மூணு வருஷம் முன்னாடி பதினாலுல ஒரு குடும்பம் தங்குச்சு சார். ரெண்டு பொண்ணுங்க, ரெட்டை. ஒண்ணு ஏணில இறங்கிப் போயிருச்சு. உடம்பு கிடைக்கவே இல்ல. அதுல இருந்து தரைக்குக் கீழ தட்டுற சத்தம் கேக்கும். வெறும் தட்டுதான். ஒரு வார்த்தை பேசினதில்ல.”

“இப்ப?”

“நீங்க போன நாள்ல இருந்து பேசுது சார். தமிழ்ல. புதுசா வந்தவங்க பயந்துபோய்ப் பதிவு பண்ணிக் குடுத்தாங்க. அனுப்பியிருக்கேன், கேளுங்க.”

கேட்டேன். முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு மூன்று தட்டு.

“அப்பா... நாங்க மூணு பேரும் வீட்டுக்குப் போவோம்.”

இடைவெளி. விசும்பல்.

“நா... ங்க...”

“வரலப்பா... திறப்பா.”

பின்னாலிருந்து ஒரு ஈரக்கை என் தோளில் விழுந்தது.

“அதை அழிச்சிடுங்கப்பா. அம்மா கூப்பிடறாங்க. நாம மூணு பேரும் சாப்பிடலாம்.”

ஒரு பிழையும் இல்லை.

அழித்தேன். போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.