நாற்பது நிமிஷத் தூரம்

அந்தச் சின்ன விமான நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் ஒன்றே ஒன்றுதான். வருஷக்கணக்காக அதில் உட்கார்ந்திருந்தவளை எல்லாரும் 'கவுண்டர் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குத் தினமும் காலையில் ஒரு விமானம். வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: எவ்வளவு நேரம் ஆகும்?

"நேரா பார்த்தா இருநூறு கிலோமீட்டர்கூட இல்லைங்க. நாற்பது நிமிஷம். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள இறங்கிடலாம்" என்பாள், ஏதோ வாரம் தவறாமல் போய் வருகிறவள் மாதிரி.

உண்மையில் அவள் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. பயம். ஊஞ்சல் கொஞ்சம் உயரப் போனாலே அலறிவிடுவாள். அந்த ஊரில்தான் அண்ணன் இருந்தார். லாரிப் பட்டறையில் மெக்கானிக். அவரைப் பார்க்கப் போவதென்றால் மலையைச் சுற்றும் பஸ்தான். விடிய ஏறினால் பொழுது சாயும்போது இறங்குவாள். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தால், "பஸ்ஸுல வேடிக்கை பார்த்துக்கிட்டே போகலாம்ல?" என்று மழுப்பிவிடுவாள்.

ஒரு நாள் காலையில் அண்ணி போன் செய்தாள். அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொன்னாள். பட்டறையில் தெறித்த இரும்புத் துணுக்கு அண்ணன் கண்ணில் பாய்ந்துவிட்டது, மதியமே ஆபரேஷன். "உன்னைப் பார்த்துட்டுத்தான் உள்ளே போவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு" என்றாள்.

கவுண்டர் அக்கா தனக்குத்தானே ஒரு டிக்கெட் அடித்துக்கொண்டாள்.

விமானத்தில் கைப்பையைக் கட்டிப் பிடித்து, கண்ணை இறுக்கி மூடியபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தையல்காரர். சற்று முன்பு அவளிடமே டிக்கெட் வாங்கியவர். நாற்பது நிமிஷம் தாண்டியது. விமானம் இறங்குகிற வழியாக இல்லை, சுற்றிச் சுற்றி வந்தது.

"ஏம்மா, நாற்பது நிமிஷம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் தையல்காரர். பின்னால் ஒரு பெண் விசும்ப ஆரம்பித்தாள்.

அதைக் கேட்டதும் அக்காவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. "பயப்படாதீங்க. கீழே மேகம் மூடியிருக்கும். விலகுற வரைக்கும் ரெண்டு வட்டம் அடிப்பாங்க. அதுக்கும் சேர்த்துத்தான் எரிபொருள் போட்டிருக்காங்க. மழைக்காலத்துல இது சகஜங்க."

விசும்பல் நின்றது. தன் குரல் தன் காதிலேயே விழுந்ததில் அவளுக்கும் பாதிப் பயம் போய்விட்டது. மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினாள். மேகம் விலகிய இடைவெளியில், அவள் பஸ்ஸில் ஆடிக் குலுங்கிப் போகும் மலைப்பாதை, யாரோ அவிழ்த்துப் போட்ட நூல் மாதிரி கீழே கிடந்தது.

விமானம் இறங்கியதும் ஆஸ்பத்திரிக்கு மூச்சு வாங்க ஓடினாள். ஆபரேஷன் அறை வாசலில், ஒரு கண்ணில் கட்டோடு அண்ணன் படுத்திருந்தார்.

"எதுல வந்தே?"

"பறந்து வந்தேன்ணே."

"நீயா? ஊஞ்சல்ல ஏறினாலே ஊரைக் கூட்டுவியே!" சிரித்துவிட்டார்.

"ஆடாம படுங்க சார்" என்று நர்ஸ் அதட்டினாள்.

பார்வை பிழைத்தது, தடித்த கண்ணாடி மட்டும் வந்து சேர்ந்தது. உடம்பு தேறியதும் தங்கச்சி வீட்டுக்கு வருகிறேன் என்றார் அண்ணன். டிக்கெட் அனுப்பட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "போல்ட்டை எவன் முடுக்குனான்னு தெரியாத வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில்தான் வந்தார். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "சொகுசான பயணம்" என்றார்.

கூடவே வந்திருந்த அண்ணி அவர் முதுகுக்குப் பின்னால் உதட்டைப் பிதுக்கினாள்.