ஐந்தாம் அங்கமும் ஒரு ஜெராக்ஸ்காரனும்

ஜெராக்ஸ் கடையில் நிற்பவன் கை வழியாக எல்லாப் புத்தகங்களும் போகும், எதுவும் தங்காது. சிதம்பரத்தில் அப்படி வந்துபோன தாள்களைப் படித்துத்தான் நான் ஆங்கிலம் கற்றேன். அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலமும் சேர்ந்தேன். எல்லாம் தேறி, நாடகப் பேப்பர் மட்டும் நின்றுபோனது. தளபதி ஒருவன் பொறாமையில், எவனோ சொன்ன கோளை நம்பி, குற்றமற்ற மனைவியைக் கொன்றுவிடும் பழைய நாடகம். தலை நரைத்த பிறகும் அரியர் வைத்திருக்கும் சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

நாலோடு நிறுத்தியது

முதல் முறை நாலு அங்கங்களைக் கரைத்துக் குடித்தேன். ஐந்தாவதில் படுக்கையறை, கட்டிலில் மனைவி என்று ஆரம்பித்ததும் மூடிவிட்டேன். என் மனைவி செல்வி இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மற்ற நாலிலிருந்து கேட்பார்கள் என்று நம்பிப் போனேன். கடைசிக் காட்சியை விவரிக்கச் சொன்னார்கள்.

கடையில் ஸ்பைரல் பைண்டிங் போடும் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "ஊருக்குள்ள போவாம சுத்திக்கினு போறதுக்கு அது என்னா பைபாஸாண்ணே?"

செத்தவள் பேசமாட்டாள்

அடுத்த வருடம் ஒரு கல்லூரி ஆசிரியை அந்த அங்கத்தை மட்டும் தனித்தாள்களாகக் கொண்டுவந்து பன்னிரண்டு நகல் கேட்டார். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்துவிட்டன. பக்க எண்கள் ஓரத்தோடு வெட்டுப்பட்டிருந்தன. அப்படியானால் ஒரு தாளின் கடைசி வரியையும் அடுத்ததன் முதல் வரியையும் ஒட்டிப் பார்த்து அடுக்குவது எங்கள் வழக்கம். அடுக்கினேன். மனைவியின் மூச்சை அடைத்துக் கொன்ற பிறகு வரும் தாளில் அவள் பேசுகிறாள். செத்தவள் எப்படிப் பேசுவாள்? அந்தத் தாளை எடுத்துக் கொலைக்கு முன்னால் வைத்தேன். வரி ஒட்டவில்லைதான், அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன். எனக்கும் ஒரு நகல் போட்டு, அதையே மனப்பாடம் செய்து பரீட்சையும் எழுதித் தோற்றேன்.

உண்மையில் அவள் சாகும் முன் ஒரு நொடி உயிர் திரும்பி, கணவனைக் காட்டிக்கொடுக்காமல், பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறாள். பரீட்சை முடிந்த பிறகுதான் ஆசிரியை நகலோடு திரும்பி வந்தார். கோபப்படவில்லை. "அந்தப் பொண்ணு கடைசியா சொன்ன ஒரு வார்த்தை, அதையும் சொல்லவிடாம பண்ணிட்டீங்களே சார்."

ஆதார் நகல்

மூன்றாம் முறை விடமாட்டேன் என்று கடையிலேயே வாய்விட்டுப் படித்தேன். நூறு நாள் வேலைக்கு ஆதார் நகல் எடுக்க வந்த குமராட்சி ஊர் அம்மா ஒருவர், என்ன கதை என்று கேட்டார். சொன்னேன். அப்படியும் ஒருத்தி புருஷனை விட்டுக்கொடுக்காமல் இருப்பாளா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை என்றேன்.

அவர் நகலை மடித்து ரவிக்கையில் வைத்துக்கொண்டார். "அடி வாங்கினு ஆஸ்பத்திரிக்கு வர்ற பொண்ணுங்க, படியில வழுக்கி வுழுந்துட்டேன்னுதாங்க சொல்லுதுங்க. இதுக்குப் போயி பரீட்சை வெக்கிறாங்களா?"

கூடுதல் தாள்

தினமும் வீடு இருக்கும் கடலூரிலிருந்து சிதம்பரம் கடைக்கு வரும் ரயிலில் ஐந்தாம் அங்கம், திரும்பும்போது மறுபடி ஐந்தாம் அங்கம். முதல் வாரம் கட்டில் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். மூன்றாம் வாரம் திரும்பவில்லை.

பரீட்சையில் நான் அந்த அம்மாவிடம் கேட்ட அதே கேள்வி: தளபதியின் மனைவி ஏன் அப்படிச் சொன்னாள்? செல்வியைத் தாமதமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான். காய்ச்சல்தானே, நாளைக்குப் பார்க்கலாம் என்றவனும் நான்தான். டாக்டர் கேட்டபோது, மூச்சு வாங்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "நான்தான் சார் வரமாட்டேன்னு அடம் புடிச்சேன்." அவள் பெயரைச் சொல்லாமல், நாடகத்தை விட்டு விலகாமல், அதைத்தான் எழுதினேன். கூடுதல் தாள் இரண்டு முறை வாங்கினேன்.

கண்காணிப்பாளராக வந்த பெண் என் மேஜையருகே நின்றார். "சார், ஹால்ல நீங்களும் நானும் ஃபேனும்தான் இருக்கோம். பேப்பரக் குடுங்க."

நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கித் தேறிவிட்டேன். மீதி ஐம்பத்தொன்பது எங்கே போயிற்று என்று மறுமதிப்பீட்டுக்குப் பிழையில்லாமல் எழுதிப்போடும் அளவுக்கு இப்போது ஆங்கிலமும் வந்துவிட்டது.