ஆனி வெயிலில் ஒரு போர்வை

அடியார்களே, மதுவைத் தொடாமலே குடிகாரன் என்று பெயரெடுத்தவன் எழுதுகிறேன். தொட்டிருந்தால் என் களைப்புக்காவது ஒரு நியாயம் இருந்திருக்கும்.

1989ஆம் ஆண்டு. புங்குடுதீவில் நான் பள்ளிக்கூட வாத்தியார். கோயிலில் புராணம் படிப்பவன். அந்த வருடம் முழுக்கக் களைப்பு. காலைப் பாடத்திலேயே பிள்ளைகளுக்கு முன்னால் தூங்கினேன். முகம் வீங்கியது. தின்றது கொஞ்சம், பெருத்தது அதிகம். குரல் கரகரத்து, என் புராணத்தில் தேவரும் அசுரரும் ஒரே குரலில் பேசினார்கள்.

பட்டணத்தில் வயிற்றை ஸ்கான் பண்ணிய டொக்டர், "ஈரல் முழுக்கக் கொழுப்பு. எவ்வளவு காலமாய்க் குடி?" என்றார்.

"தேத்தண்ணிதான் குடிக்கிறனான்."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற என் மனைவி கமலா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் படலையைத் திறந்ததும் வந்து வாயை மணந்து பார்ப்பாள். மணம் இல்லாதது சந்தேகத்தைக் கூட்டியது. "கராம்பு சப்பிப்போட்டு வாறியளோ?" கடைசியில் சொன்னாள்: "நயினாதீவு அம்மாள் கோயில் வாசலிலை, எரியிற கற்பூரத்தைக் கையாலை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ. இல்லாட்டி நான் பிள்ளையளோடை அம்மா வீட்டை போறன்."

நெருப்புக்கு எனக்குப் பயமில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு என் சொல் போதவில்லையே என்பதுதான் சுட்டது. குறிகட்டுவான் துறையில் கமலாவோடு படகேறியபோது பெரிய பிரார்த்தனை எதுவும் என்னிடம் மிச்சமில்லை. "அம்மாளாச்சி, எனக்கு ஏலாது. நீயே சொல்லிவிடு." அவ்வளவுதான். கண்ணை மூடினேன்.

"அண்ணை, இந்த ஆனி வெயிலிலை ஏன் போர்வை?" எதிர்ப் பலகையில் இருந்த பெண் கேட்டாள்.

"குளிருது, பிள்ளை."

"குரல் எப்பவும் இப்பிடியோ?"

கமலா முந்திக்கொண்டாள். "அது கள்ளுக் குரல். ஈரலும் கொழுத்துப்போச்சு."

அந்தப் பெண் கொழும்பில் டொக்டராம்; நேர்த்திக்கடனுக்கு வந்தவள். படகு ஆட ஆட என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, குடிச்சால் மட்டுமில்லை, கழுத்திலை இருக்கிற தைரோயிட் சுரப்பி மந்தமாய்ப் போனாலும் ஈரலிலை கொழுப்புப் படியும். குளிர், நித்திரை, இந்தக் குரல், எல்லாம் அதாலை வரலாம். இரத்தத்தைச் சோதிச்சுப் பாருங்கோ."

கமலா என் போர்வையை இழுத்துக் கழுத்தை மூடிவிட்டாள்.

வாசலில் கற்பூரத்தைக் கொளுத்தினாள். நான் கையை நீட்டினேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம், விடுங்கோ." பிறகு தன் உள்ளங்கையைச் சுடருக்குக் காட்டி, என் கண்களில் ஒற்றினாள்.

கொழும்புக்குப் போன இரத்தமும் தைரோயிட் என்றே சொன்னது. தினமும் மருந்துக் குளிசை, சோறும் குறைந்தது. குரல் திரும்பச் சில மாதங்கள். ஈரல் இன்னும் மெதுவாக, என்னைப் போலவே சோம்பலாக, கொழுப்பை விட்டது. பிறகு போரால் வந்த இடம்பெயர்வில் வீடு போனது. குளிசைப் போத்தலை மட்டும் கமலா மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

களைத்துப்போனவர்களே, நீண்ட பிரார்த்தனை வராவிட்டால் பரவாயில்லை. ஏலாது என்று அம்மாளிடம் சொல்லுங்கள், அவள் கேட்பாள். கழுத்தையும் ஒருக்கால் டொக்டரிடம் காட்டுங்கள்.

கமலா இன்றும் என் வாயருகே வருகிறாள். குளிசையை விழுங்கிவிட்டேனா என்று பார்க்க.